நீர்நிலையோர வீடு வாங்குதல்

நீர்நிலையோர வீடு என்பது கடல், காயல், ஆறு, ஏரி முதலிய நீர்நிலை ஒன்றை ஒட்டியோ, அது பார்வைக்கு எட்டும் தொலைவிலோ அமைந்த குடியிருப்பு ஆகும். தமிழ்நாட்டில் சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், முட்டுக்காட்டுக் காயலைச் சூழ்ந்தும், புறநகர் ஏரிகளின் ஓரங்களிலும் இத்தகைய தனி வீடுகளும் அடுக்ககங்களும் 1990களுக்குப் பின் பெருகின. காற்று, காட்சி, அமைதி ஆகியவற்றுக்காக இவற்றின் விலை அதே ஊரின் உட்பகுதி வீடுகளின் விலையைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

வீடு வாங்கும்போது வழக்கமாகப் பார்க்க வேண்டிய உரிமை மூலம், வில்லங்கம், கட்டுமான அனுமதி ஆகிய அனைத்தும் இவ்வகை வீட்டுக்கும் பொருந்தும். அவற்றோடு கூடுதலாக ஒரு கேள்வி எழுகிறது. நீரின் எல்லை எது? கண்ணுக்குத் தெரியும் கரை, சட்டம் வரையும் கோடு, பெருவெள்ளத்தில் நீர் ஏறும் மட்டம் ஆகிய மூன்றும் ஒன்றல்ல. மனை பார்க்க வருபவருக்குப் பெரும்பாலும் முதலாவது மட்டுமே, அதுவும் கோடைக்காலத்தில், காட்டப்படுகிறது. இக்கட்டுரை தமிழ்நாட்டு நிலையை முதன்மையாகக் கொண்டு எழுதப்பட்டது. கடலோரச் சட்டம் நடுவண் அரசுச் சட்டம் என்பதால் கேரளத்தின் மரடு வழக்கும் இங்கு விளக்கப்படுகிறது.

கடலோரத்தின் சட்ட எல்லை

1986 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ், 1991 பெப்ரவரி 19 அன்று நடுவண் அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. வீட்டுமனைத் தொழிலில் இது சி.ஆர்.இசட். என்ற பெயராலேயே அறியப்படுகிறது. இதற்குப் பதிலாக 2011 இலும், மீண்டும் 2019 இலும் புதிய அறிவிக்கைகள் வெளியிடப்பட்டன. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலத்தை நோக்கி 500 மீட்டர் வரையிலான பகுதி ஒழுங்குமுறைக்கு உட்பட்டது.

ஓதம் என்பது கடல்நீர் ஏறி இறங்குவதைக் குறிக்கும் பழைய தமிழ்ச் சொல். (சுவரில் ஏறும் ஈரத்தையும் ஓதம் என்றே கொத்தனார்கள் சொல்கின்றனர். கடலோர வீட்டுக்காரர் இரண்டு பொருளையும் அறிந்திருப்பது நல்லது.) முழுநிலவு, மறைநிலவு நாட்களை ஒட்டி வரும் பேரோதத்தின்போது நிலத்தில் நீர் எட்டும் மிக உயர்ந்த இடமே உயர் ஓதக் கோடு. வாங்குபவர் கடற்கரையில் நின்றுகொண்டு அலை தொடும் இடத்திலிருந்து அளந்து பார்த்து இதை அறிய முடியாது. ஏற்பளிக்கப்பட்ட கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் எந்த இடத்தில் அக்கோடு குறிக்கப்பட்டுள்ளதோ அதுவே செல்லும். 2019 அறிவிக்கை, சென்னையில் உள்ள தேசிய நிலைத்தகு கடலோர மேலாண்மை மையம் வரையறுத்த கோட்டை நாடு முழுவதற்கும் பொதுவாக ஏற்றது.

மண்டலம் நான்கு வகையாகப் பிரிக்கப்படுகிறது. முதல் வகையில் அலையாத்திக் காடு, மணற்குன்று, ஆமைகள் முட்டையிடும் கரை போன்றவை அடங்கும். இங்கு வீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டாம் வகை, கரை வரை ஏற்கெனவே வளர்ந்துவிட்ட நகரப் பகுதி. இங்கு முன்பே இருந்த சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாக மட்டுமே கட்டலாம், கடல் பக்கமாகக் கட்ட இயலாது. மூன்றாம் வகை, பெரிதும் ஊரகப் பகுதி. இதில் 1991, 2011 அறிவிக்கைகளின்படி முதல் 200 மீட்டர் கட்டுமானம் கூடாத பகுதியாகும். 2019 அறிவிக்கை இதை இரண்டாகப் பிரித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடங்களில் 50 மீட்டர், ஏனைய இடங்களில் முன்போலவே 200 மீட்டர். நான்காம் வகை நீர்ப்பரப்பு ஆகும்.

விற்பனையாளர்கள் இந்த 50 மீட்டரை ஆர்வத்துடன் எடுத்துச் சொல்வதுண்டு. ஆனால் 2019 அறிவிக்கையின் தளர்வு தானாக நடைமுறைக்கு வருவதில்லை. அந்தந்தப் பகுதிக்கான மேலாண்மைத் திட்டம் புதிய அறிவிக்கையின்படி திருத்தப்பட்டு நடுவண் அரசின் ஒப்புதலைப் பெற்ற பிறகே அது பொருந்தும். அதுவரை பழைய அளவே தொடரும். எனவே 'இவ்விடம் எந்த வகை' என்பதோடு 'எந்த ஆண்டின் வரைபடத்தின்படி' என்பதையும் கேட்க வேண்டும்.

பலரும் கவனிக்கத் தவறுவது காயலோரத்தை. கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும், ஓதம் எட்டும் ஆறு, காயல், கழி ஆகியவற்றின் கரைகளும் இம்மண்டலத்துக்குள் வருகின்றன. 2011 அறிவிக்கையின்படி 100 மீட்டர் அல்லது அந்நீர்நிலையின் அகலம், இரண்டில் குறைவானது. 2019 இல் இது 50 மீட்டர் அல்லது அகலம் என்று ஆயிற்று. ஓதம் எதுவரை எட்டுகிறது என்பது உப்புத்தன்மையைக் கொண்டு முடிவு செய்யப்படுகிறது. ஆண்டின் மிக வறண்ட பருவத்தில் நீரில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு இருக்கும் இடமே அதன் எல்லை. அடையாறு, கூவம், கோவளம் காயல் முதலியவற்றின் கீழ்ப்பகுதிகளில் வீடு தேடுவோர் கடலே கண்ணில் படாவிட்டாலும் கடலோரச் சட்டத்துக்குள் நிற்கலாம்.

மற்றொரு நுட்பமும் உண்டு. மீனவர் உள்ளிட்ட மரபுவழிக் கடலோரச் சமூகத்தினரின் வீடுகளுக்கு அறிவிக்கைகள் சில சலுகைகளை அளித்துள்ளன. 1991 அறிவிக்கையின்படி அனுமதிக்கத்தக்கவையாக இருந்தும் முறையான ஒப்புதல் பெறாத அவர்களது வீடுகளை முறைப்படுத்த 2011 அறிவிக்கை வழிவகுத்தது. ஆனால் அவ்வீடுகளை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, பிற சமூகத்தினருக்கு விற்கவோ மாற்றவோ கூடாது என்ற நிபந்தனைகளையும் விதித்தது. மீனவக் குப்பத்தை ஒட்டிக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழைய வீட்டை வாங்கி மாடி எழுப்ப நினைப்பவர் இந்நிபந்தனையை முதலில் படிக்க வேண்டும். படகுகளை ஏற்றி வைக்கவும், வலை உலர்த்தவும் ஊரார் காலங்காலமாகப் பயன்படுத்தும் கடற்புறம் வீட்டுக்காரரின் முற்றம் ஆகாது என்பதும் இங்கு நினைவுகொள்ளத்தக்கது. கடலுக்குச் செல்லும் நடைபாதையை மதில் வைத்து அடைப்பது கடலோர ஊர்களில் தீராத பகையை உண்டாக்கும் செயலாகும்.

மரடு வழக்கு

கேரள மாநிலம் எர்ணாகுளம் மாவட்டத்தில், கொச்சியை அடுத்த மரடு என்னும் ஊரில் காயலோரத்தில் நான்கு அடுக்கக வளாகங்கள் கட்டப்பட்டன. இவற்றுக்கான கட்டட அனுமதிகளை 2006 இல் மரடு ஊராட்சி வழங்கியது. அவ்விடம் அப்போது மூன்றாம் வகை மண்டலத்தில் இருந்தது. அனுமதி வழங்குமுன் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் இசைவு பெறப்படவில்லை. 2007 இல் விதிமீறல் குறித்து ஊராட்சி அறிவிப்பு அனுப்பியது. கட்டுநர்கள் உயர்நீதிமன்றத்தை அணுகி இடைக்காலத் தடை பெற்றனர். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே கட்டடங்கள் எழும்பின, வீடுகள் விற்கப்பட்டன, குடும்பங்கள் குடிபுகுந்தன. உயர்நீதிமன்றத் தீர்ப்புகளும் கட்டுநர்களுக்குச் சாதகமாகவே அமைந்தன.

மேலாண்மை ஆணையம் உச்சநீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. 2019 மே 8 அன்று உச்சநீதிமன்றம் கட்டடங்களை இடித்து அகற்ற உத்தரவிட்டது. குடியிருந்தோர் அளித்த மறுஆய்வு மனுக்கள் ஏற்கப்படவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் மின்சாரமும் குடிநீரும் நிறுத்தப்பட்டன. ஒவ்வொரு வீட்டுக்கும் 25 இலட்சம் ரூபாயை இடைக்கால இழப்பீடாக மாநில அரசு வழங்கிப் பின்னர் கட்டுநர்களிடமிருந்து பெற்றுக்கொள்ளுமாறு நீதிமன்றம் பணித்தது. 2020 சனவரி 11, 12 ஆகிய இரு நாட்களில் வெடிமருந்து வைத்து நான்கு வளாகங்களும் தகர்க்கப்பட்டன. முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சில நொடிகளில் மண்மேடாயின.

வாங்கியோரிடம் இல்லாத ஆவணம் என்று எதுவும் இருக்கவில்லை என்பதே இவ்வழக்கின் சிறப்பு. பதிவு செய்யப்பட்ட பத்திரம், கட்டட எண், சொத்துவரிச் சீட்டு, மின் இணைப்பு, வங்கிக் கடன் அனைத்தும் இருந்தன. பத்திரப் பதிவு அலுவலகம் ஆவணத்தைப் பதிகிறதேயன்றி அந்நிலத்தில் கட்டலாமா என்று ஆராய்வதில்லை. சொத்துவரி, கட்டடம் இருப்பதற்கான வரியே தவிர அது முறையானது என்பதற்கான சான்றன்று. வங்கியின் வழக்கறிஞர் உரிமை மூலத்தையும் அனுமதி ஆணை இருக்கிறதா என்பதையும் பார்ப்பார். அவ்வாணையை வழங்கியவருக்கு அதற்கான அதிகாரம் இருந்ததா என்ற கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. கடலோர மண்டலத்தில் உள்ளாட்சி அமைப்பின் அனுமதி மட்டும் போதாது என்பதை மரடு ஊரார் மிகுந்த விலை கொடுத்து அறிந்தனர். நிலுவையில் உள்ள வழக்கு வில்லங்கச் சான்றிதழில் தெரியாமற் போகலாம் என்பதும் கருதத்தக்கது. நில எண், கட்டுநர் பெயர் ஆகியவற்றைக் கொண்டு உயர்நீதிமன்றம், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆகியவற்றின் வழக்குப் பட்டியல்களைத் தனியே தேட வேண்டும்.

ஏரியும் தாங்கலும்

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. இவற்றுள் மிகப் பெரும்பான்மையானவை இயற்கையாகத் தோன்றியவை அல்ல. சரிவான நிலத்தில் மூன்று பக்கம் கரை எழுப்பி, நான்காம் பக்கம் திறந்து விடப்பட்ட பாசன நீர்த்தேக்கங்கள் இவை. திறந்த அப்பக்கமே உள்வாய் அல்லது நீர்ப்பிடிப்புப் பகுதி எனப்படுகிறது. ஏரியோர வீடு வாங்குபவர் இந்த அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் அடி எடுத்து வைக்கக் கூடாது.

கரைக்கு வெளியே, அதாவது மதகுகள் திறக்கும் பக்கத்தில், ஆயக்கட்டு நிலங்கள் இருந்தன. அவை ஏரியின் மட்டத்துக்குக் கீழானவை. கரை உடைந்தால் நீர் முதலில் பாயும் இடம் அதுவே. கலங்கலுக்குக் கீழே உபரிநீர் ஓடும் வாய்க்கால் உண்டு. அது ஆண்டில் பத்து மாதம் வறண்டு கிடக்கும், சில ஆண்டுகளில் பன்னிரண்டு மாதமும் வறண்டு கிடக்கும். உள்வாய்ப் பக்கத்திலோ கரையே கிடையாது. ஏரி நிரம்ப நிரம்ப நீர் மெல்லப் பரவிக்கொண்டே மேலேறும். கோடையில் நீர் நிற்கும் இடத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மனைகூட முழுக்கொள்ளளவு மட்டத்துக்கு உள்ளே இருக்கக்கூடும். 'ஏரியைப் பார்த்த மனை' என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த உள்வாய்ப் பக்கத்தில்தான் உள்ளன.

சில ஏரிகளின் உள்வாயில் தனியாருக்குப் பட்டா உள்ள நிலங்களும் உண்டு. நீர் வற்றிய பருவத்தில் பயிர் செய்துவந்த நிலங்கள் இவை. பட்டா உண்மையானதாகவே இருக்கலாம், ஆனால் நீரும் உண்மையானதே. பட்டா இருப்பதால் அந்நிலம் மேடாகிவிடாது. கட்டட அனுமதி கேட்கும்போது பொதுப்பணித் துறையிலிருந்து 2021 இல் பிரிக்கப்பட்ட நீர்வளத் துறையின் வெள்ளநிலைக் கருத்து தேவைப்படும். அதைப் பெறாத மனைப்பிரிவைத் தவிர்ப்பதே நன்று.

நீர்நிலைப் புறம்போக்கின் கதை வேறு. ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என வருவாய்ப் பதிவேட்டில் பதியப்பட்ட நிலத்தைத் தனியார் விற்கவும் முடியாது, அதில் நீண்டகாலம் குடியிருந்ததால் உரிமை கோரவும் முடியாது. குளம், ஏரி போன்றவற்றைப் பொதுச் சொத்தாகக் காக்க வேண்டும் என்று 2001 இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. 2005 இல் எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்ற உத்தரவிட்டது. 2007 இல் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் இயற்றப்பட்டது. தவறுதலாக வழங்கப்பட்ட பட்டாவும் பின்னர் நீக்கப்படலாம். அகற்றப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் வசதியற்றவர்கள் என்பதையும், அவர்களுக்கு அந்நிலத்தை விற்றவர்கள் அதற்குள் வேறிடம் சென்றிருப்பர் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஊர்ப்பெயர்கள் சில வேளைகளில் ஆவணங்களை விட நேர்மையானவை. தாங்கல், ஏந்தல் என்பன சிறு ஏரிகளைக் குறிக்கும் சொற்கள். அயப்பாக்கத்தில் ஏரி இருக்கலாம் என்று ஐயுற வேண்டும், ஐயப்பன்தாங்கலில் ஐயுறவே தேவையில்லை. சென்னை மேற்கு மாம்பலத்தில் ஏரிக்காட்சிச் சாலை எனப் பொருள்படும் லேக் வியூ சாலை இன்றும் உண்டு. அங்கிருந்து பார்த்தால் எந்த ஏரியும் தெரியாது. மாம்பலத்தின் நெடிய ஏரி 1920களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவானது. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்ற பகுதியின் பெயரும் அவ்வாறே.

சதுப்புநிலங்கள் வகையில் பள்ளிக்கரணை தனியே குறிப்பிடத்தக்கது. தென்சென்னையின் பல ஏரிகளின் உபரிநீர் இங்கு வந்து சேர்ந்து ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிச் செல்கிறது. 2022 இல் இது ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. 2023 திசம்பரில் மிக்சாங் புயலின்போது இதைச் சூழ்ந்த வேளச்சேரி, பெரும்பாக்கம், பள்ளிக்கரணைப் பகுதிகளில் நாட்கணக்கில் நீர் தேங்கியது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, இச்சதுப்புநிலத்தின் தாக்கப் பகுதி அறிவியல் முறையில் வரையறுக்கப்படும் வரை, எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் கட்டுமான அனுமதி வழங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. நீரைத் தொடாத, நீரே கண்ணில் படாத வீடுகளை வாங்க முன்பணம் கொடுத்தவர்களும் இதனால் கலக்கத்துக்கு உள்ளாயினர்.

ஆற்றங்கரை

2015 திசம்பர் 1 அன்று இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்து விடப்பட்டது. மேற்புறத்து ஏரிகளின் உபரிநீரும் சேர அடையாறு கரைபுரண்டது. முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் ஆகிய இடங்களில் தரைத்தளங்கள் முழுவதும் மூழ்கின, சில இடங்களில் முதல் தளத்திலும் நீர் புகுந்தது. அதற்கு முந்தைய பல ஆண்டுகளில் அதே ஆற்றங்கரையில் மனை வாங்கியவர்கள் அடையாற்றைக் கழிவுநீர் ஓடும் ஒரு மெல்லிய கோடாகவே கண்டிருந்தனர். மேற்புறத்தில் ஓர் அணையோ பெரிய ஏரியோ உள்ள ஆற்றின் கரையில், அங்கிருந்து மிகுதியாகத் திறந்துவிடக்கூடிய நீரின் அளவே பார்க்கத்தக்கது, வழக்கமான ஓட்டம் அன்று.

ஆற்றைத் திருப்பிக் கட்டடத்தைக் காக்க முயல்வது சட்டப்படியும் ஏற்கப்படுவதில்லை. இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் அமைந்த விடுதி ஒன்று வெள்ளத்திலிருந்து தன்னைக் காக்க ஆற்றின் போக்கையே மாற்ற முற்பட்டது. எம். சி. மேத்தா எதிர் கமல்நாத் எனப்படும் அவ்வழக்கில் 1996 திசம்பரில் உச்சநீதிமன்றம் அந்நிலத்தின் குத்தகையை நீக்கியது. ஆறு, கடற்கரை போன்றவற்றை அரசு மக்களின் சார்பில் பொறுப்பாளராக மட்டுமே வைத்திருக்கிறது என்னும் பொதுப்பொறுப்புக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றதும் இத்தீர்ப்பே.

நகரும் கரை

கடற்கரை ஒரே இடத்தில் நிற்பதில்லை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டின் நிகர மணல் ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியது. இதன் குறுக்கே துறைமுகச் சுவரோ அலைத்தடுப்போ கட்டினால் தென்புறத்தில் மணல் சேரும், வடபுறத்தில் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின் தெற்கே மெரீனா அகன்றதும், வடக்கே இராயபுரம் பகுதி கடலிடம் நிலம் இழந்ததும் இதனாலேயே. புதுச்சேரி நகரின் மணற்கரையும் 1980களின் இறுதியில் கட்டப்பட்ட துறைமுக அலைத்தடுப்புகளுக்குப் பின் மறைந்து, பாறைக் குவியலே எஞ்சியது.

தேசியக் கடலோர ஆய்வு மையம் 1990 முதல் 2018 வரையிலான மாற்றங்களை ஆராய்ந்தது. அதன்படி இந்தியப் பெருநிலக் கடற்கரையில் 33.6 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருந்தது, தமிழ்நாட்டில் இது 42.7 விழுக்காடு. எனவே கடலோர மனையின் தெற்கே அண்மையில் ஏதேனும் அலைத்தடுப்பு, தூண்டில் வளைவு அல்லது துறைமுகம் கட்டப்பட்டுள்ளதா, திட்டமிடப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாகக் கணினியில் ஒப்பிட்டாலே கரை எத்தனை அடி நகர்ந்துள்ளது என்பது எளிதாகத் தெரிந்துவிடும். ஒரு மாலைப் பொழுதுக்கு மேல் பிடிக்காத வேலை இது. ஆயினும் கோடிக்கணக்கில் பணம் கொடுப்போருள் இதைச் செய்பவர் மிகச் சிலரே. கரை பின்வாங்கினால் உயர் ஓதக் கோடும் அதனுடன் வீட்டை நோக்கி நகரும் என்பதை மறக்கக் கூடாது.

காட்சிக்காக மணற்குன்றைச் சமன் செய்த மனைகள் கூடுதல் ஐயத்துக்கு உரியவை. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின்போதும், அதன் பின் வந்த புயல்களின்போதும் குன்றுகள் இருந்த இடங்களில் நீரின் வேகம் தணிந்தது.

உப்பும் கட்டடமும்

கடற்காற்றில் உள்ள உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உட்சென்று கம்பியை அடைகிறது. குளோரைடு போதிய அளவு சேர்ந்ததும் கம்பியைக் காத்துவந்த மெல்லிய படலம் அழிந்து துரு பிடிக்கத் தொடங்கும். துரு, அது உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் கான்கிரீட் வெடித்து உதிர்கிறது. மேற்கூரையின் அடிப்புறம் பெயர்ந்து கம்பி தெரியும் கடலோரப் பழைய வீடுகளைப் பலரும் கண்டிருக்கலாம். வெளிப்பூச்சும் புது வண்ணமும் இதைச் சில மாதங்கள் மறைக்கும்.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 (2000) சூழலை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. கடலோரச் சூழல் 'கடுமையானது' என்ற நிலையில் வரும். அதற்குக் குறைந்தது எம்30 தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரும் தேவை. கடல்நீர்த் திவலை நேரே படும் இடமாயின் எம்35, 50 மில்லிமீட்டர். உள்நாட்டு ஊர்களில் வீடு கட்டிப் பழகிய மேஸ்திரி எம்20 தரமும் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக்கும் வைத்துக் கட்டிவிடுவது உண்டு. இருபது ஆண்டு கழித்தே வேறுபாடு தெரியும் என்பதால் விற்கும் நாளில் இரண்டும் ஒன்றுபோலவே காட்சியளிக்கும். பழைய வீடாயின் அமைப்புப் பொறியாளரைக் கொண்டு கவரின் தடிமனையும் குளோரைடு அளவையும் சோதிப்பது செலவு மிகுந்ததன்று. புதிய அடுக்ககத்தில் 2016 ஆம் ஆண்டின் வீட்டுமனைச் சட்டப்படி கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்து ஆண்டு வரை கட்டுநர் பொறுப்பாவார். உப்பு வேலை செய்வது பெரும்பாலும் அதற்குப் பிறகே.

சன்னல் கம்பி, கதவுக் கீல், குளிரூட்டியின் வெளிக்கருவி ஆகியவை உள்ளூரில் இருப்பதைவிட விரைவாகத் துருவேறும். பராமரிப்புச் செலவை விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

குடிநீர்

கடலோர மணலில் மழைநீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கைபன்–எர்ச்பர்க்கு விதி. இதன் மறுபக்கமே கவலைக்குரியது. ஆழ்துளைக் கிணறுகளால் மேல்மட்டம் சற்று இறங்கினாலே கீழிருந்து உவர்நீர் பெருமளவு ஏறிவிடும். ஒருவர் ஆழத் தோண்டினால் தெருவின் அனைத்துக் கிணறுகளும் உவர்க்கும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உட்புகுந்தது நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு. கிணற்று நீரைக் கோடையில் சோதிக்க வேண்டும். குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத நிலையில் 1,000 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தரம்.

கடனும் காப்பீடும்

வங்கி கடன் தருவது வீடு பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது. கடனோடு விற்கப்படும் காப்பீடு பல நேரங்களில் கடன்தாரரின் உயிருக்கானது, வீட்டுக்கானதன்று. 2021 ஏப்பிரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் கிருக ரக்சா என்னும் பொதுவான வீட்டுக் காப்பீடு புயல், வெள்ளம், ஆழிப்பேரலை ஆகியவற்றால் உண்டாகும் இழப்பை ஏற்கிறது. மெல்ல மெல்ல நிகழும் துருவும் தேய்மானமும் இதில் அடங்கா. அரசின் ஆணையால் இடிக்கப்படும் வீட்டுக்கும் இழப்பீடு கிடைக்காது.

ஆவணங்களைப் பார்த்தல்

தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் ஆகியவை உரிமையைக் காட்டும். நிலத்தின் இயல்பைக் காட்டுபவை வேறு. கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் உள்ள 'அ' பதிவேட்டில் அப்புல எண்ணின் வகைப்பாடு இருக்கும். கிராம வரைபடத்திலும் புலப்பட வரைபடத்திலும் ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை ஆகியன எங்கு ஓடின என்பதைக் காணலாம். இயன்றால் நிலவரித் திட்டக் காலத்துப் பழைய பதிவேட்டையும் கேட்டுப் பார்க்க வேண்டும். இன்று மனையாக இருக்கும் எண் அதில் ஓடையாக இருந்தால் இடையில் யார், எந்த ஆணையால் மாற்றினார் என்ற கேள்விக்கு விடை கிடைத்தாக வேண்டும். கடலோரமாயின் மாவட்ட அல்லது மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் இசைவுக் கடிதம், அதில் குறித்த புல எண், மாடிகளின் எண்ணிக்கை ஆகியவை கட்டப்பட்டதோடு ஒத்துள்ளனவா என்று சரிபார்க்க வேண்டும். பக்கத்துப் புல எண்ணுக்குப் பெற்ற கடிதத்தின் படியைக் காட்டுவது அறியாத செயலன்று.

இடத்தைப் பார்த்தல்

தமிழ்நாட்டின் கரையோரத்தில் பெரும்பகுதி மழை அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஏப்பிரலில் பார்த்துப் பிடித்த வீட்டை நவம்பரில் ஒரு முறை, இயன்றால் மழை பெய்த மறுநாள், பார்த்த பிறகே முன்பணம் கொடுப்பது நன்று. விற்பவர் அதுவரை காத்திருக்க மறுத்தால் அம்மறுப்பும் ஒரு செய்தியே.

தெருவின் மட்டத்தோடு வீட்டின் தரைமட்டத்தை ஒப்பிட வேண்டும். சென்னையில் சாலை ஒவ்வொரு முறை போடப்படும்போதும் சில அங்குலம் உயர்ந்து, முன்பு மூன்று படி ஏறி நுழைந்த வீடுகளுக்குள் இன்று இறங்கி நுழைய வேண்டியுள்ளது. பக்கத்துக் காலி மனையில் நாணலோ கோரையோ வளர்ந்திருந்தால் அங்கு நீர் நீண்டகாலம் நிற்கிறது என்று பொருள். கழிவுநீர்த் தொட்டி எங்குள்ளது, மழைக்காலத்தில் அது நிரம்பி வழிகிறதா என்பதையும் கேட்க வேண்டும், ஏனெனில் நிலத்தடி நீர் மேலேறிய நாட்களில் தொட்டியின் நீர் இறங்க இடமிராது.

முகவரை விட்டு விலகி, தெருமுனைத் தேநீர்க் கடைக்காரர், துணி தேய்ப்பவர், இருபது ஆண்டு குடியிருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோரிடம் பேசிப் பார்க்கலாம். 'இங்கே வெள்ளம் வருமா' என்று கேட்டால் வராது என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும், ஏனெனில் அவர்களுடைய வீட்டின் விலையும் அதில் அடங்கியுள்ளது. '2015 இல் நீங்கள் எங்கே தங்கினீர்கள்' என்று கேட்டால் விடை வேறாக இருக்கும். மதில் சுவரிலும் மின்மாற்றித் தூணிலும் அவ்வாண்டின் நீர்க்கறையைச் சில தெருக்களில் இன்னும் காணலாம்.